பழைய பங்க் ராக் இசைக்குழுக்களை மேடையேற்றும் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

முதலில் நன்றி. எழுபதுகளில் தொடங்கிய பங்க் குழுக்களுக்கு இன்னும் மேடை கிடைப்பதில் உங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ராமோன்ஸ் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவரும் இன்று இல்லை. டேம்ன்ட் குழுவின் பழைய நால்வரும் 2022இல் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள். அவர்களில் பிரையன் ஜேம்ஸ் 2025இல் காலமானார். பஸ்காக்ஸ் குழுவின் பாடகர் பீட் ஷெல்லி 2018இல் போய்ச் சேர்ந்த பிறகு, அதே குழுவின் ஸ்டீவ் டிகிள் அவருடைய பாட்டுகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறார். அதனால் ஒரு நிகழ்ச்சி அறிவிப்பு வந்தாலே எங்களுக்குப் பதற்றம்தான். அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா, யாருக்குத் தெரியும்?

அந்தப் பதற்றத்தை நீங்கள் காசாக்கும் விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்மையில் நான் போன ஒரு நிகழ்ச்சியில் மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு வைத்துத் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு விலை கொடுத்தவர்களுக்கான இடம். அதில் பாதி காலி. மற்றவர்கள் எல்லாரும் அதற்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றோம். பாடகருக்கு எழுபது வயதிருக்கும். வேகமான பாட்டுகளில் நாலு வரி பாடிவிட்டு ஐந்தாவது வரிக்கு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார், அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்வார். முன்னால் நின்றவர்களோ கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கத்தியது மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் டிரம்ஸ் அடுத்த வரிக்குத் தாவிவிட்டது. ரெண்டு மூன்று முறை பார்த்தார். அப்புறம் மைக்கை நீட்டுவதையே விட்டுவிட்டார். கடைசி அரை மணி நேரம் தனியாகவே திணறிக்கொண்டு பாடினார்.

வயதான பங்க் குழுவின் நிகழ்ச்சி ஓடுவதே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். குரல் இறங்கியிருக்கும், சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருப்பார்கள், சில பாட்டுகளின் வேகமும் குறைந்திருக்கும். குறையட்டுமே! மீதியை நிரப்பத்தான் முன்வரிசை இருக்கிறது. அங்கே இடித்துக்கொண்டு ஆடும் கூட்டத்துக்கும் வயதாகிவிட்டது, முட்டி வலி இருக்கிறது. ஆனாலும் யாராவது விழுந்தால் சட்டென்று நாலு கைகள் தூக்கிவிடும். தடுப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் நாங்கள் வெறும் பார்வையாளர்கள்.

செலவு எனக்கும் தெரியும். அரங்க வாடகை, பயணம், காப்பீடு எல்லாம் ஏறிவிட்டன. ஃபுகாசி குழு பல ஆண்டுகள் ஐந்து டாலர் டிக்கெட்டில் வாசித்ததே, நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்று கேட்க மாட்டேன். 1996இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் மறுபடி சேர்ந்தபோது, காசுக்காகத்தான் வருகிறோம் என்று சுற்றுப்பயணத்தின் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். சரி, அதிலாவது ஒரு நேர்மை இருந்தது. நீங்களும் சம்பாதியுங்கள். விலை கூடிய டிக்கெட்டுக்கு மாடியில் நல்ல நாற்காலி கொடுங்கள், கையெழுத்திட்ட போஸ்டர் கொடுங்கள். மேடைக்கு முன்னால் உள்ள தரையை மட்டும் விற்காதீர்கள்.

இன்னொன்று, பதினெட்டு வயதுக்குக் கீழ் அனுமதியில்லை என்ற பலகை. மது விற்பனைக்காக வைக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் 1980இல் பேட் ரிலிஜன் குழு தொடங்கியபோது அதன் பாடகர் கிரெக் கிராஃபின் பள்ளி மாணவர். இன்று அப்படி ஒரு பையன் வந்தால் உங்கள் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போவான். ஃபுகாசியின் நிகழ்ச்சிகளில் எல்லா வயதினரும் நுழைய முடிந்தது. மது குடிக்கும் வயதினரின் கையில் பட்டை கட்டி அடையாளம் வைப்பது பல அரங்குகளில் நடக்கிற காரியம்தான்.

நேரத்தையும் கொஞ்சம் பாருங்கள். மூன்று தொடக்கக் குழுக்களை வரிசையாக விட்டு, எழுபது வயதுக்காரரை இரவு பதினொரு மணிக்கு மேடையேற்றுவது அவருக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.

இனி டிக்கெட் எடுக்குமுன் அரங்கின் வரைபடத்தைப் பார்க்கப் போகிறேன். மேடையை ஒட்டித் தனிப் பகுதி இருந்தால், அது எவ்வளவு பிடித்த குழுவாக இருந்தாலும் வரமாட்டேன். என்னோடு வழக்கமாக வரும் நண்பர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்