மார்கழியில் தூங்கிய தாழி

கோரிமேடு, சேலம்
தை கடைசி வெள்ளி

அன்புள்ள தோழிக்கு,

கார்த்திகையில் நீ எழுதிய கடிதத்துக்குத் தை கடைசியில் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. மழை ஓய்ந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை எனக்கு எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். மூட்டை கட்டு, ரயில் ஏறு, கடை விரி, திரும்பி வா, அடுத்த ஊருக்கு மூட்டை கட்டு. முந்தாநாள்தான் கடைசி மூட்டையைப் பிரித்து, விற்காமல் வந்த துணிகளை உதறி நிழலில் போட்டேன். இன்று காலையில் உன் கடிதத்தை எடுத்து இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இப்போது வாசல்வரை நடக்கிறார்களா?

கருப்பட்டி வந்து சேர்ந்தது. எட்டு வட்டில் நான்கு காபிக்குப் போனது. உடன்குடிக் கருப்பட்டிக்கு அந்த லேசான புகைவாசம் எங்கிருந்துதான் வருகிறதோ, மார்கழி விடியலில் அதைக் குடித்தால் வேறு எதுவும் வேண்டாம் போலிருந்தது. மீதி நான்கு வட்டையும், துணிக்கு நீலம் ஏற்ற அவுரிச் செடியின் சாயம் கரைத்து வைத்திருக்கும் என் தாழி குடித்துவிட்டது. அந்தக் கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ இங்கே வந்தது சித்திரையில். கொல்லையில் கழுத்தளவு மண்ணில் புதைந்திருக்கும் தாழியைத் திறந்து காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? மேலே செம்புத் தகடு மாதிரி ஏடு படர்ந்து, நடுவில் நீல நுரை பூவாகக் குவிந்திருந்தது. அது நல்ல தெம்போடு இருக்கும் தாழி. அவுரி நீலம் வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்புத் தெளிவில், காற்றுப் படாமல், தகரை விதை வேகவைத்த கஞ்சியைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள்தான் அதைக் கரைத்துத் தருகின்றன. கரைந்ததும் நீலம் மறைந்து மஞ்சளும் பச்சையுமாகிவிடும். துணி அந்தப் பச்சையைக் குடித்து வெளியே வந்து, காற்றுப் பட்ட பிறகுதான் நீலமாகும். அந்த உயிர்களுக்கு நம் உடம்புச் சூட்டை ஒட்டிய கதகதப்பு வேண்டும். சேலத்தில் மார்கழி இரவு 20 டிகிரியைத் தொட்டுவிடும். அப்போது அவை சோம்பிப் போகும்.

ஏற்காட்டில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்த இரண்டு வருஷமும் நான் பட்ட பாடு இதனால்தான். இங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும், இரவில் 13 டிகிரிக்கு இறங்கிவிடும். காபிச் செடிக்கு அந்தக் குளிர் சுகம். என் தாழி அங்கே ஒரு மார்கழியைக்கூடத் தாண்டவில்லை. அதனால்தான் அடிவாரத்துக்கே இறங்கி வந்தேன்.

ஆனால் சந்தைகளும் இதே மாதங்களில்தான் நடக்கின்றன. கோடை வெயிலில் திறந்தவெளியில் நின்று யார் துணி பார்ப்பார்கள்? தாழிக்கு நான் மிகவும் வேண்டியிருக்கிற மூன்று மாதமும் நான் ஊரில் இருப்பதில்லை.

மார்கழி பிறந்த மறுநாள் பெங்களூருக்குப் போனேன். பத்து நாள் சந்தை. பஜ்ஜிக்கடைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாளே துணியெல்லாம் எண்ணெய் வாசம். மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன், நடக்கவில்லை. பக்கத்து வரிசையில் ஒருவர் ஆலையில் அச்சடித்த துணியை ‘இண்டிகோ’, அதாவது அவுரி நீலம், என்று பலகை வைத்து 400 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். அவரோடு எனக்குச் சண்டை இல்லை, அவருக்கும் பிழைப்பு வேண்டும். அந்தப் பலகையைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, 1,800 ரூபாய்த் துப்பட்டாவைத் தடவிப் பார்த்து, வித்தியாசம் என்ன என்று கேட்டவர்களிடம் ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது பதில் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லத் தொண்டை போய்விட்டது.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. இரண்டாம் நாள் துப்பட்டா வாங்கிய ஒரு அம்மா ஏழாம் நாள் திரும்பி வந்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைக் குர்தாவை எடுத்து விரித்தார். தோள்பட்டையில் நீலம், கழுத்தோரத்தில் நீலம். அவர் சத்தம் போடவில்லை. துப்பட்டாவைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. எந்த நாள் தோய்த்த துணி என்று உடனே தெரிந்துவிட்டது. சந்தைக்கு நான்கு நாள் இருக்கும்போது அவசரமாகத் தோய்த்த பன்னிரண்டில் ஒன்று.

அவுரி நூலுக்குள் போய்க் கலந்துவிடுகிற சாயம் இல்லை. மெல்லிய தோலாக அடுக்கடுக்காக ஏறும். ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, காற்றாட விட்டு, முழுக்க நீலமான பிறகுதான் மறுபடி முக்க வேண்டும். எட்டு முறை அப்படிச் செய்தால் எட்டுத் தோலும் பிடித்துக்கொள்ளும். நான் செறிவான தாழியில் நீண்ட நேரம் ஊறவிட்டு நான்கு முறையில் முடித்திருந்தேன். பார்க்க அதே ஆழமான நிறம்தான். மேலே தூளாகத்தான் உட்கார்ந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், குர்தாவுக்கும் தருகிறேன் என்றேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “அடுத்த வருஷம் நல்லதா ஒண்ணு எனக்குன்னு கொண்டு வாங்க” என்று சொல்லிப் பெயரையும் முகவரியையும் நோட்டில் எழுதிவிட்டுப் போனார். அந்தப் பன்னிரண்டில் மீதி இருந்த ஐந்தையும் மூட்டைக்குள் வைத்துவிட்டேன். மற்ற ஆறு பேர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இப்போதும் ராத்திரி படுத்தால் அந்த ஆறு துப்பட்டாதான் கண்ணுக்குள் வருகின்றன.

ஊருக்கு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் தாழியைத் திறந்தேன். ஏடு இல்லை, நுரை இல்லை. கொட்டாங்கச்சியில் மொண்டு பார்த்தால் நீலத் தண்ணீர். ஒரு துண்டுத் துணியை விட்டு எடுத்தேன். வெளிறிய நீலம் ஒட்டியது, அலசியதும் அதுவும் போய்விட்டது. ஏழு வருஷமாகக் காப்பாற்றி வந்த தாழி. அப்படியே கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுதேன்.

எதிர்வீட்டு ஆயாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? நூல் சாயப்பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே ஹைட்ரோஸ், காஸ்டிக் சோடா என்ற ரசாயனங்களைப் போட்டுச் சாயத்தைச் சட்டென்று கரைத்துவிடுவார்கள், என் வேலை அவருக்குப் புதுசு. ஆனாலும் ஒரு வருஷமாக மாலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். அன்றைக்கு என் அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர், தாழி விளிம்பில் குனிந்து நன்றாக மோந்து பார்த்தார். “நாறல கண்ணு. செத்திருந்தா நாறும். இது குளுருக்குத் தூங்குது” என்றார். இரண்டு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்து, “வழவழப்பு இருக்குது, சுண்ணாம்பு போட்டுறாத” என்றார். எனக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்பு டப்பாவை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தேன். போட்டிருந்தால் மிச்சம் மீதி உயிரும் அடங்கியிருக்கும்.

அப்புறம் எல்லாம் அவர் சொன்னபடி. தாழியின் கழுத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டி, பச்சைச் சாணியும் வைக்கோலும் கலந்து திணித்தோம். மக்கும்போது அது சூடு தரும். மேலே சாக்கு, அதற்கு மேல் பழைய கம்பளி. தகரை விதை கையில் இரண்டு பிடிதான் இருந்தது. அதை வேகவைத்து ஊற்றிவிட்டு, வேறு என்ன கொடுக்கலாம் என்று அடுப்படியில் நின்று பார்த்தபோது உன் கருப்பட்டி கண்ணில் பட்டது. இடித்து, வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டு ஒரு நாளைக்கு ஒரு வட்டு. காலையில் ஒரே முறை, குமிழி வராமல் குச்சியால் கிண்டி மூடிவிடுவது. மூன்று நாள் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் மூடியைத் தூக்கியதும் மாட்டுக்கொட்டகையும் ஊறவைத்த வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். ஐந்தாம் நாள் ஓரத்தில் விரல் அகலத்துக்குச் செம்பு ஏடு. ஆறாம் நாள் விட்டு எடுத்த துணி தளிர்ப் பச்சையாக வந்தது. ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொங்கலுக்கு முதல் நாள் வாசலில் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவில் ஒரு கொத்தைத் தாழி மூடியிலும் கட்டினோம்.

பொங்கல் முடிந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் இரண்டு நாள் பயிற்சி. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்களே, அதில் காஞ்சிபுரம் நெசவாளர் வீடு ஒன்று உண்டு. ஓய்வு நேரமெல்லாம் அந்தத் திண்ணையில்தான். ரயிலில் தாழியைக் கொண்டுபோக முடியாது. அதனால் வாளியில் அவசரச் சாயம்: அவுரித் தூள் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு. மிஷேல் கார்சியா என்ற பிரெஞ்சுக்காரர் பரப்பிய முறை. வெந்நீரில் கலக்கினால் சில மணி நேரத்தில் தயார். வந்திருந்த இருபத்திரண்டு பேரும் சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டு, முக்கி, பிரித்து, போட்டோ எடுத்து, சந்தோஷமாகப் போனார்கள்.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. செவிலியர் வேலையாம். “இந்த வாளியை வீட்டில் எத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கலாம்?” என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் எத்தனை நிமிஷம் முக்குவது என்றுதான் கேட்பார்கள். அந்தத் திண்ணையிலேயே அவளோடு ஒரு மணி நேரம் பேசினேன். தாழியின் வாசம், வழவழப்பு, ஏடு, ஆயா மோந்து பார்த்தது எல்லாம். நோயாளியின் நாக்கையும் நகத்தையும் பார்க்கிற மாதிரி என்றாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது தாழி நன்றாக இருந்தது. ஆயாவும் அவர் பேத்தியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் கொலுசுக்குச் சலங்கை கோக்கிறாள். நான் கேட்காமலேயே ஒரு நோட்டில் தேதி போட்டு, காலை வாசம், ஏட்டின் நிறம், எவ்வளவு கஞ்சி ஊற்றினார்கள் என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு எதிரே ‘இன்னைக்கு முகம் சரியில்ல’ என்று இருந்தது. மறுநாள் ‘கம்பளி இன்னொண்ணு போட்டோம், சரியாயிடுச்சு’.

போன வாரம் ஏற்காட்டில் இரண்டு இடம். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் கொண்டைக்கடலையைத் துணியில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டினார்கள். ஒரு பொடியன் துணியைத் தூக்கிப் பிடித்து, “மிஸ், பச்சையா வந்துடுச்சு, நான் கெடுத்துட்டேன்” என்று உதடு பிதுக்கினான். கொஞ்சம் பொறு என்றேன். மடிப்பின் விளிம்பிலிருந்து நீலம் நரம்பு நரம்பாக ஓடிப் பரவுவதை அவன் கண் இமைக்காமல் பார்த்தான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கும் மூச்சு நின்றுதான் போகிறது.

மறுநாள் மலைக்கிராமத்துப் பெண்களோடு. காபிப் பழம் பறிக்கிற காலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைப்பார்கள். தகரை விதையைக் காட்டி இது என்ன தெரியுமா என்றேன். சிரித்துவிட்டார்கள். “தகரை. கீரையா கடைஞ்சு சாப்பிடுவோமே.” எனக்கு இனிமேல் விதைக்குப் பஞ்சமில்லை. வழியோரத்தில் காய்ந்து நிற்பதை உருவி வைக்கிறோம் என்றார்கள். விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் இருநூறு பேருக்கு மேல் துணி முக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். தாழியை வைத்துக் காப்பாற்ற இதுவரை ஒருவருக்கும் முறையாகக் கற்றுக் கொடுத்ததில்லை. ஆயா தானாகப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அவர் இல்லாமல் போயிருந்தால் ஏழு வருஷத் தாழியை நானே சுண்ணாம்பைக் கொட்டிக் கொன்றிருப்பேன். அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வரும் மார்கழியில் பெங்களூர் போகவில்லை. அந்த மாதம் முழுக்க வீட்டில்தான். பேத்திக்குச் சம்பளம் போட்டு வைத்துக்கொள்கிறேன். அந்தச் செவிலியர் பெண்ணும் பத்து நாள் லீவு போட்டு வருகிறேன் என்று நேற்று போனில் சொன்னாள். வருமானம் குறையும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், சமாளிக்கலாம். பெங்களூர் அம்மாவின் துப்பட்டாவை மட்டும் எட்டு முறை முக்கித் தபாலில் அனுப்பிவிடுவேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மகள் கல்யாணம் ஆவணியில் என்று எழுதியிருந்தாய். தாம்பூலப் பைக்குத் துணி நான் தருகிறேன், கடையில் வாங்கிவிடாதே. எத்தனை பை என்று மட்டும் சீக்கிரம் எழுது. வைகாசி வெயிலில்தான் தாழி முழு பலத்தோடு இருக்கும், அப்போதே தோய்த்து வைத்துவிடலாம். அம்மாவால் பயணம் முடியும் என்றால் பங்குனியில் கூட்டிக்கொண்டு வா. ஏற்காட்டுக்கு மேலே போக வேண்டாம், என் வீட்டுத் திண்ணையிலிருந்தே மலை தெரியும்.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது. இந்த முறை பன்னிரண்டு வட்டாக அனுப்பு, பணம் நான் போட்டுவிடுகிறேன். பேத்தி கொல்லையிலிருந்து கூப்பிடுகிறாள், கஞ்சி ஆறிவிட்டதாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி