மன்னிப்புக்கு முன் கோப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காலனி ஆட்சிக் கொடுமைகளுக்குப் பிரிட்டன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் நீதிமன்றப் படியேறினால் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். கென்யாவின் இரண்டு வழக்குகளே இதற்குச் சாட்சி.

பிரிட்டனின் காலனியாக இருந்த கென்யாவில் 1952இல் நெருக்கடி நிலையை அறிவித்து, ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் என்ற இயக்கத்தின் கிளர்ச்சியை ஒடுக்குவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோரை விசாரணையின்றி முகாம்களில் அடைத்தார்கள். அங்கே நடந்த சித்திரவதைக்காக 2009இல் முதியவர்கள் ஐந்து பேர் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். '1963இல் விடுதலையோடு பொறுப்பும் கென்ய அரசுக்குப் போய்விட்டது' என்றது பிரிட்டன் அரசு. 2011இல் அந்த வாதம் எடுபடவில்லை. பிறகு காலாவதி என்றார்கள். உடற்காய வழக்கை மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். 2012இல் நீதிபதி மெக்கோம்ப் அதையும் ஏற்கவில்லை. நேர்மையான விசாரணைக்குப் போதுமான ஆவணம் இருக்கிறது என்றார். இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பிரிட்டன் வெளியுறவுத் துறை பூட்டி வைத்திருந்த சுமார் 1,500 கென்யக் கோப்புகள் அதற்குள் வெளியே வந்திருந்தன. 'பாவம் செய்வதானால் ஓசையின்றிச் செய்ய வேண்டும்' என்று காலனி அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 1957இல் ஆளுநருக்கு எழுதியதும் கைக்குக் கிடைத்தது. 2013இல் 5,228 பேருக்கு, வழக்குச் செலவையும் சேர்த்து, 1.99 கோடி பவுண்டு கொடுத்தார்கள். வருத்தம் தெரிவித்தார்கள், சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை.

அடுத்து 40,000 பேர் தொடுத்த வழக்கு 2018இல் தோற்றது. எந்த முகாம், எந்த ஆண்டு, அடித்தவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிறுவ வேண்டியிருந்தது. அதிகாரிகள் இறந்துவிட்டார்கள், பதிவேடுகள் இல்லை. மாவ் மாவ் மீதான தடையே 2003இல்தான் நீங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. அதுவரை அந்த இயக்கத்தார் சட்டப்படி அமைப்பாக ஒன்றுகூட வழியில்லை.

பதிவேடுகள் தாமாகத் தொலையவில்லை. அரசுக்குச் சங்கடம் தரும் எதையும் விட்டுவரக் கூடாது என்று 1961இல் காலனிகளுக்கு உத்தரவு போனது. எரித்தால் சாம்பலையும் உடைத்துத் தூளாக்க வேண்டும். கடலில் போட்டால் பெட்டியில் எடை கட்டி, கரையிலிருந்து தொலைவில், நீரோட்டமில்லாத ஆழத்தில் இறக்க வேண்டும். ரகசியக் கோப்புகளில் 'டபிள்யூ' முத்திரை குத்தி, ஐரோப்பிய வம்சாவளிப் பிரிட்டிஷ் அதிகாரி மட்டுமே தொடலாம் என்று வைத்தார்கள். ஆதாரத்தை எரித்த ஆட்சியின் வாரிசே, காலம் கடந்தது, ஆதாரம் போதாது என்று வாதாடுவதை எப்படிப் பொறுப்பது?

உயிரோடிருப்பவர்களின் வாக்குமூலத்தை முகாமின் பெயர், ஆண்டு, தழும்புக்கு மருத்துவர் சான்று ஆகியவற்றோடு இப்போதே பதிய வேண்டும். ஆண்டு நினைவில்லை என்றால், எந்தக் குழந்தை பிறந்த வருடம் என்று கேட்டால் வந்துவிடும். மூலக் கோப்புகள் நைரோபிக்கே திரும்ப வேண்டும்.

இலங்கை, மலாயாக் கோப்புகளும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கென்யக் கோப்புகள் இருக்கும் அதே 'எஃப்சிஓ 141' என்ற வரிசையில்தான் இருக்கின்றன. அங்கே போகும் நம் ஆய்வாளர்கள் கோப்புகளோடு நிறுத்தாமல், எதை எரித்தோம் என்று காலனி அதிகாரிகள் எழுதி அனுப்பிய அழிப்புச் சான்றிதழ்களையும் தேட வேண்டும். எரிந்துபோன கோப்புகளின் தலைப்பாவது அவற்றில் கிடைக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்