சாவி கைக்கு வரும்வரை

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

டெக்சாஸில் நீ வாங்கப் போகும் வீட்டின் கூரையை ஆலங்கட்டி மழை அடித்ததாமே, அக்கா போட்டோக்களை அனுப்பினாள். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும், அதனால் எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்க மாட்டேன். பெரிதாக்கிப் பார்த்தேன். ஷிங்கிள்ஸ், அதாவது கூரைமேல் பாவிய தகடுகள், மேல் கறுப்புக் கறுப்பாக வட்டங்கள், மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் மணல் மாதிரி குவிந்த துகள், தகர மூடியில் நெளிவு. இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஃபைல்களோடு காலம் தள்ளியவள் நான். உள்ளே ஒழுகவில்லை என்பதால் சேதமே இல்லை என்று உன் வீட்டு ஏஜென்ட் சொன்னாராமே, அதை நம்பாதே. இன்று ஒழுகாத கூரை அடுத்த மழைக்கு ஒழுகலாம்.

நீ அனுப்பிய ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் படிவம்தானே அது? 14ஆம் பத்தியைப் பார். ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு தீயாலோ புயலாலோ சேதம் ஆனால், க்ளோசிங் தேதிக்குள், அதாவது பணம் கொடுத்துப் பத்திரம் முடிக்கும் நாளுக்குள், பழையபடி ஆக்கித் தருவது விற்பவர் பொறுப்பு. அவர் கையை மீறிய காரணத்தால் முடியவில்லை என்றால், நீ ஒப்பந்தத்தை முறித்து எர்னஸ்ட் மணியை, அதாவது நீ கொடுத்த முன்பணத்தை, திரும்ப வாங்கலாம். 15 நாள் வரை அவகாசம் கொடுக்கலாம். அல்லது சேதத்தோடு வீட்டை ஏற்று, அவருடைய இன்சூரன்ஸ் பணத்தை உன் பேருக்கு மாற்றிக்கொண்டு, டிடக்டிபிள் தொகையையும், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்காமல் பாலிசிக்காரரே ஏற்க வேண்டிய பங்கையும், அவருக்குத் தரும் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வழிதான் எனக்குப் பயம். அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி சம்மதித்தால்தான் அந்தப் பணம் உனக்கு மாறும். பழைய கூரை என்றால் தேய்மானம் கழித்துக் கொடுக்கும் பாலிசிகள் உண்டு. அங்கே ஆலங்கட்டிச் சேதத்துக்கு டிடக்டிபிளைப் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் சதவீதமாக வைக்கிறார்கள். 4,00,000 டாலருக்கு 2 சதவீதம் என்றால் 8,000 டாலர். விற்பவர் வேறு ஏதோ கொஞ்சம் ரொக்கம் தருகிறேன் என்றாராம். முழுக் கூரையும் மாற்ற என்ன ஆகும் என்று எஸ்டிமேட் வாங்காமல் தலையாட்டி விடாதே. எது பேசினாலும் எழுத்தில், இரண்டு பேர் கையெழுத்தோடு. பெரியப்பா வாய்ப்பேச்சை நம்பியது என்ன ஆனது என்று உனக்கே தெரியும்.

அவசரப்பட்டு அந்த ரொக்கத்துக்குச் சம்மதிக்கிறாயோ என்று தோன்றுகிறது. கை கடிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அப்பாவின் டெபாசிட் அடுத்த மாதம் முதிர்கிறது, அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அப்புறம், இப்போதிருக்கும் வாடகை வீட்டின் லீஸ் முடிவதால் சாமான்களை இப்போதே அந்த வீட்டு கராஜில் போடப் போகிறீர்கள் என்று மருமகள் அக்காவிடம் சொன்னாளாம். வேண்டாம் தம்பி. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் 5.007ஆம் பிரிவு இருக்கிறது. பத்திரமும் மாறாமல், வீடும் கைக்கு வராமல் இருக்கும்போது உன் தவறு இல்லாமல் வீடு அழிந்தால், விற்பவர் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, கொடுத்த பணம் திரும்ப வரும். இரண்டில் ஒன்று உன் கைக்கு வந்துவிட்டால், விற்பவர் தவறு இல்லாமல் வீடு எரிந்து போனாலும் விலையைக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும், அதனால்தான் அந்த 14ஆம் பத்தி இவ்வளவு முக்கியம். நாலு பெட்டி வைத்தால் வீடு கைக்கு வந்ததாகுமா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கு நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? ஒரு மாதம் ஸ்டோரேஜ் வாடகை போனால் போகட்டும்.

சின்ன வயதிலிருந்தே எதையும் தனியாகச் சமாளிப்பவன் நீ. ஊரில் எல்லாரிடமும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறேன். அதற்காக வீட்டுக் கூரை அடிபட்ட சேதியை அம்மா மூன்றாம் ஆள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சரி, அதை விடு. ஏஜென்டுக்கு வேண்டிய ஆளாக இல்லாமல், நீயே தேடி ஒரு கூரை இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு. உன் இன்சூரன்ஸ்காரரிடமும் இப்போதே சொல். அவர் இந்தக் கூரைக்குப் பாலிசி தர மறுத்தால் பேங்க் கடன் நின்றுவிடும். க்ளோசிங்குக்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் கடைசி வாக்-த்ரூவில், கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஏறி டார்ச் அடித்துப் பார், மரத்தில் ஈரக்கறை இருக்கிறதா என்று. எழுத்தில் வாங்கு, மறக்காதே. ரிப்போர்ட் வந்ததும் அக்காவுக்கு அனுப்புகிற கையோடு எனக்கும் ஒன்று அனுப்பு.

அம்மா