வரைவைப் படிக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் ஆராய்ச்சிக்கு நிதி கேட்கத் தயங்குகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்குத் தெரிந்து யாரும் தயங்கவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு ப்ராஜெக்ட் எழுதிப் போடத்தான் செய்கிறார்கள். திரும்பி வந்துவிடுகிறது. ஏன் வந்தது என்று உட்கார்ந்து பேசத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. மதுரைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் பழைய மாணவி ஒருவர், இப்போது உதவிப் பேராசிரியர், 22 பக்க ப்ரொபோசலோடு வீட்டுக்கு வந்தார். மதுரை மல்லியைத் தாக்கும் பூச்சிகள் பற்றியது. முதல் மூன்று பக்கத்தில் 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த கதை, மீனாட்சியம்மன் கோயில், மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் முகூர்த்த நாள் விலை எல்லாம் இருந்தன. நோக்கங்கள் ஒன்பது. அவற்றை எப்படிச் செய்யப் போகிறார் என்பதற்கு அரைப் பக்கம். பூ மணத்தது, கேள்வியைக் காணோம்.

"உனக்கு என்னதாம்மா தெரியணும்?" என்று கேட்டேன்.

"மொக்குல இருக்கிற ஈப்புழு மண்ணுக்குள்ள இறங்கித்தானே கூட்டுப்புழு ஆகுது சார்? செடிக்கடியில மண்ணைக் கிளறிவிட்டா அடுத்த பூப்புல சேதம் குறையுமான்னு பார்க்கணும். எங்க சித்தப்பா தோட்டத்துல அப்படித்தான் தோணுச்சு."

அந்த 22 பக்கத்தில் எங்கேயும் இது இல்லை! சரி, இதையே முதல் வரியாக வை என்றேன். அப்புறம் ஏழு வாரம், நான்கு வரைவு. ஒன்பது நோக்கம் இரண்டானது. எத்தனை தோட்டம், ஒப்பிட்டுப் பார்க்கக் கிளறாமல் விடும் பாத்தி எது, ஒரு செடிக்கு எத்தனை மொக்கு எண்ணுவது, நடுவில் மழை கெடுத்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக எழுத வைத்தேன். எண்ணிக்கை விஷயத்தில் எனக்கே சந்தேகம் வந்தது; புள்ளியியல் படித்த நண்பர் ஒருவரிடம் அனுப்பினோம். பட்ஜெட்டில் கேமரா வைத்த மைக்ராஸ்கோப் ஒன்றுதான் பெரிய தொகை. ஈயை அடையாளம் காண வருடத்தில் நாலைந்து நாள்தான் அது தேவை; கட்டணம் கட்டி வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் தினமும் தோட்டத்துக்குப் போய் எண்ண ஓர் ஆளை வைக்கலாம். கடைசியில் பொருளாதாரம் நடத்தும் ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுத்தோம். அவர் தடுக்கிய இடத்தையெல்லாம் திருத்தினோம்.

தேர்வாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். திரும்பித்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை மதிப்பீட்டாளர் சொன்ன குறைகள் இரண்டு: ஒரே ஒன்றியத்துத் தோட்டங்களை மட்டும் எடுத்தது, மண்ணின் ஈரத்தை அளக்காதது. இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. முந்தைய முறை 'தெளிவில்லை' என்ற ஒற்றை வார்த்தைதான் வந்ததாம்.

கல்லூரிகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் பயிலரங்கு நடத்துகிறார்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, எண்பது ஸ்லைடு, சாப்பாடு, சான்றிதழ். பொன்னாடை வாங்கியவர்களில் நானும் உண்டு. வந்தவர்களின் வரைவில் ஒன்றைக்கூட அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

நிதிக்கு வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2023-ல் சட்டம் போட்டு அமைத்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, இளம் ஆராய்ச்சியாளர்களுக்கென்று மூன்று வருடத்துக்கு 60 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டத்தை அறிவித்தது. மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி ஆசிரியர்கள் ஐ.ஐ.டி. போன்ற இடங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய, வருடத்துக்கு 5 லட்சம் ரூபாயில் 'டேர்' என்ற திட்டமும் முன்பே வந்தது. பல திட்டங்கள் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். சுயநிதிப் பிரிவில் இருப்பவர்கள் பாடு தனி; அதற்கு வேறொரு கடிதம் வேண்டும்.

1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ன் லேடி டோக், 1949-ன் தியாகராசர், 1966-ன் காமராசர் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கும் ஊர் இது. ப்ராஜெக்ட் வாங்கி முடித்துக் கணக்கும் ஒப்படைத்தவர்கள், பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும், இங்கே தாராளமாக இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு கல்லூரியில், ஆளுக்கு ஒரு வரைவை எடுத்துப் படித்தால் போதும். பொன்னாடை வேண்டாம், டீ போதும். கல்லூரி நூலகங்களில் தேர்வான ப்ரொபோசல்களோடு திரும்பி வந்தவற்றையும், மதிப்பீட்டாளர் குறிப்போடு, எழுதியவர் சம்மதித்தால் வைக்கலாம். என்னுடையது ஒன்று இருபது வருடமாகப் பீரோவில் பூட்டிக் கிடந்தது. அதை அந்த மாணவியிடம் காட்டியபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பே வந்தது.

இன்னொன்று, கல்லூரி முதல்வர்களுக்கு: ஆசிரியர்கள் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஒப்புதல் கடிதத்தைக் கடைசி நாள் வரை மேசையில் வைத்திருக்காதீர்கள். ஓர் ஆசிரியர் மதியம் முழுக்க வராந்தாவில் காத்திருந்து கையெழுத்து வாங்கி வருவதற்குள் விண்ணப்பிக்கும் இணையதளம் மூடிவிட்டது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். முகவரியை உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். வருபவர்கள் வரைவைத் தாளில் அச்செடுத்து வரட்டும். கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, போன் திரையில் என்னால் படிக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திருநகர், மதுரை.