தீபாவளிச் சரக்கு எடுக்கக் கிளம்பும் அண்ணன்மார்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்து ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கும், அவர்களுக்காகச் சரக்கு எடுக்கப் போகும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்து, நீங்கள் சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் வண்டி ஏறுகிற நேரம் இது. ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் பள்ளத்தூரில் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. உங்கள் கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கும் துணி கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. நான் அதை வெட்டும்போதும் பார்க்கிறேன், நாலு மாதம் உடுத்தி வியர்வைக் கறையோடு ரிப்பேருக்குத் திரும்பி வரும்போதும் பார்க்கிறேன்.

என் மேசைக்கு அடியில் ஒரு சாக்கு கிடக்கிறது. முழுக்க லைனிங் துணி. ரெடிமேட் டாப்ஸிலிருந்தும் சுடிதாரிலிருந்தும் நானே பிரித்து எடுத்தவை. இந்தப் பங்குனியில் ஆரம்பித்து ஆடி முடிவதற்குள் சாக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்கிறேன். சித்திரையில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கழுத்துக்குக் கீழேயும் அக்குள் ஓரத்திலும் சிவந்து வேர்க்குரு. 'சம்மர் கலெக்‌ஷன்' என்று போர்டு வைத்திருந்த கடையில் எடுத்த பூப்போட்ட டாப்ஸ். "காட்டன்னு சொல்லித்தான்க்கா குடுத்தாங்க, ஆனா போட்டா வேகுது" என்றாள். உள்பக்கத் தையலில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு நூலை உருவினேன், ஒன்று மேல்துணியில், ஒன்று லைனிங்கில். தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். மேல்துணி நூல் காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாக உதிர்ந்தது; அது ரேயான். பருத்தியும் இப்படித்தான் எரியும், ஆனால் ரேயானை ஈரத்தில் பிடித்து இழுத்தால் நைந்து போகும், முதல் தண்ணீரிலேயே சுருங்கும். லைனிங் நூல் எரியவில்லை. சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டிக்கொண்டது. பாலியஸ்டர். உடம்பில் படுவது எது? லைனிங்தானே. மேலே ரேயானோ பருத்தியோ, எதைப் போட்டு என்ன!

100 கிராம் பருத்தி காற்றில் சும்மா கிடந்தாலே எட்டு கிராம் போல ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. வியர்வை போக வழியில்லாமல் தோலுக்கும் துணிக்கும் நடுவே நிற்கிறது. கத்திரி வெயிலில் ஐந்து நிமிடம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் இதற்கு எந்த விளக்கமும் வேண்டியிருக்காது. அந்தப் பெண்ணுக்கு லைனிங்கைப் பிரித்துவிட்டு, நனைத்துக் காயவைத்த காட்டன் லைனிங் போட்டுக் கொடுத்தேன். துணியும் கூலியும் சேர்த்து 150 ரூபாய்க்கு மேல் வாங்கவில்லை. அந்த டாப்ஸை முதலில் தைத்த இடத்திலேயே காட்டன் லைனிங் போட்டிருந்தால் இன்னும் குறைவாகவே ஆகியிருக்கும்.

உங்கள் கடைப் பையன்கள் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது: "காட்டன் மாதிரியேதான்க்கா." அந்த 'மாதிரி'யில்தான் எங்கள் முதுகு வேகிறது. 'காட்டன் ஃபீல்', 'சாஃப்ட் காட்டன்', 'காட்டன் மிக்ஸ்', இப்படி எத்தனை பெயர்! பட்டுக்காவது 2004லிருந்து அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் அட்டை என்று ஒன்று இருக்கிறது. அட்டையைப் பார்த்துக் கேட்க எங்கள் பெண்களும் பழகிவிட்டார்கள். அன்றாடம் உடுத்தும் துணிக்கு அப்படி ஓர் அட்டையை உங்களிடம் கேட்கவில்லை. பில்லில் ஒரு வரி எழுதுங்கள், போதும்: மேல்துணி ரேயான், லைனிங் பாலியஸ்டர். தெரிந்து வாங்குகிறவள் உங்களிடம் சண்டைக்கு வர மாட்டாள்.

நான் பாலியஸ்டருக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நானே சின்தெடிக் புடவைதான் கட்டுகிறேன். மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து, வளவில் கொடியில் போட்டால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். காட்டன் புடவை அதே கொடியில் இரண்டு நாள் ஈரவாடையோடு தொங்கும். இஸ்திரி வேண்டாம், கஞ்சி வேண்டாம், சாயம் ஓடாது. வேலைக்குப் போகிற பெண்கள் அதை விரும்புவதில் குற்றமே கிடையாது. எங்கள் சங்கடம், நீங்கள் அதைக் கொண்டுவந்து குவிக்கிற மாதம். மழைக்கு ஏற்ற ஜார்ஜெட்டும் கிரேப்பும் சித்திரையில் மலை மாதிரி கிடக்கின்றன. தீபாவளிக்கோ வெல்வெட் ஜாக்கெட் துணியும், தரை கூட்டுகிற நெட் கவுனும் வருகின்றன. வடக்கே அந்த நேரம் குளிர் இறங்குகிறது, அவர்கள் வெல்வெட் போடுகிறார்கள், நியாயம். நமக்கு அப்போது வடகிழக்குப் பருவமழை. நனைந்த வெல்வெட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பாருங்கள், பூ அமுங்கி நாய் நக்கிய மாதிரி ஆகிவிடும். எத்தனை ஜாக்கெட் அப்படி வந்திருக்கிறது தெரியுமா?

நெட் துணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. பட்டாசு கொளுத்தும்போது பருத்தி உடுத்தச் சொல்லி ஒவ்வொரு தீபாவளிக்கும் அறிவிப்பு வரும். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அது போகட்டும். நம் ஊரில் இன்னொரு நாள் இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. 21 இழை சேர்த்துத் திரித்த திரியை மாவில் வைத்து, ஏற்றி, வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வாய்க்குப் பக்கத்தில் நெருப்பு, தோளில் உருகக்கூடிய துப்பட்டா! மூன்று வருடத்துக்கு முன் நான் தைத்துக் கொடுத்த ஒரு பாவாடை தாவணியைப் பார்க்க ஆச்சி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தியின் நெட் தாவணி நுனியில் பொறி பட்டு, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உருகி ஓட்டை. கையில் ஒட்டவில்லை, சாமி புண்ணியம். ஆச்சி என்னைத்தான் பார்த்தார். "ஏ ஆத்தா, இது தாவணியா, கொசுவலையா?" துணி நான் எடுத்ததில்லை; ஆனால் தைத்தவள் நான். அன்றிலிருந்து நோன்புக்கு என்று நெட் துணி கொண்டுவந்தால், தோள்பக்கம் மட்டுமாவது காட்டனில் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இதனால் எனக்கு இரண்டு வாடிக்கை போயிற்று.

சரி, நம் ஊர்க் கைத்தறிச் சேலையான கண்டாங்கிக்கு வருகிறேன்.

அதே ஆச்சி போன தையில் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்தார். கடுகு மஞ்சளில் பெரிய பெரிய கட்டம், கையகலத்துக்கு அரக்குக் கரை. இப்போது வருகிற புடவையைவிட அகலம் குறைவு. அந்தக் காலத்தில் கொசுவத்தைப் பின்னால் வைத்து, கெண்டைக்கால் தெரியக் கட்டுவார்கள். காலில் கிடக்கும் தண்டை தெரிய வேண்டுமே. ஓரத்தில் வரிசையாக நுண்ணிய ஊசித் துளைகள். கைத்தறியில் நெய்யும்போது துணியின் அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முனை பட்ட தடம் அது. துணியைத் தடவினால் கெட்டி, மேலே போட்டால் குளிர்ச்சி. எத்தனை வெளுப்புக்குப் போயிருக்குமோ, அரக்கு அரக்காகவே இருந்தது.

பெங்களூரில் படிக்கும் பேத்திக்கு அதில் டாப்ஸ் தைக்க வேண்டுமாம். எனக்குக் கத்தரி வைக்க மனசில்லை. "வெட்டு ஆத்தா. பெட்டியில கிடந்து பூச்சி திங்கிறதுக்கு, இவ போட்டுக்கிட்டுத் திரியட்டும்" என்றார். லைனிங்கே இல்லாமல், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வருமாறு, கரையைக் கைநுனிக்கும் அடிப்பட்டைக்கும் எடுத்துத் தைத்தேன். துணியே கெட்டி என்பதால் லைனிங் தேவைப்படவில்லை, அதுவே பெரிய விசேஷம். அந்தப் பெண் பெங்களூர் போன வாரமே அவள் தோழிகள் மூன்று பேரிடமிருந்து எனக்குப் போன். அந்தத் துணி எங்கே கிடைக்கும்?

நான் என்ன சொல்வது? காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்கிறவர்கள் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். உங்கள் கடைகளில் கண்டாங்கி எங்கே இருக்கிறது? மேல் தட்டில், கண்ணாடிக்குள், பிளாஸ்டிக் உறையில். வெளியூர்க்காரர்களும், பங்களா பார்க்க வரும் வெள்ளைக்காரர்களும் கேட்டால்தான் ஏணி போட்டு இறக்குவீர்கள். 'கண்டாங்கி மாடல்' என்று பெயர் போட்டு விசைத்தறியில் பாலியஸ்டர் கலந்து ஓட்டியது மட்டும் கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது. ஓரத்தில் ஊசித் துளை தேடினேன், காணோம்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நெசவாளர்களிடம் பேசி, கண்டாங்கிக் கட்டத்தை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிற துணியாக எடுத்து வாருங்கள். மாசி முடிவதற்குள் கடையில் இருக்கட்டும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவுக்கு மஞ்சளும் சிவப்புமாகத் தேடி வருகிற கூட்டம் எத்தனை! பால்குடம் எடுத்து வெயிலில் வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு இந்தக் கெட்டிக் காட்டனைத் தவிர வேறு என்ன வேண்டும்? புடவை கட்டத் தெரியாது என்கிற வயசுப் பெண்கள் டாப்ஸாக, ஜாக்கெட்டாக, பலாஸோவாகப் போடுவார்கள். தைக்க நான் இருக்கிறேன். என்னை மாதிரி தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். விலை கூடத்தான் செய்யும். கைத்தறி ஏன் கூடுதல் என்று கடையில் நின்று சொல்ல ஓர் ஆள் போடுங்கள், கேட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

துணியோடு பக்கத்திலேயே கொட்டானையும், அதாவது பனை ஓலையில் பின்னிய கூடையையும், வையுங்கள். அதுவும் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்ச் சரக்குதான். கல்யாணத்துக்குச் சீர் வைக்கப் பயன்படுவதோடு நிறுத்திவிட்டோம். கைப்பிடி வைத்து, உள்ளே துணி கொடுத்துத் தைத்தால் அருமையான கைப்பை. வெயிலில் ரெக்ஸின் பை தோலுரிந்து தோளில் கறுப்புச் செதில் செதிலாக ஒட்டுமே, அந்தத் தொல்லை இல்லை. மழைக்குத்தான் ஆகாது. அதையும் சொல்லியே விற்க வேண்டும்.

இனி, ஜவுளியோடு செருப்பும் கவரிங்கும் வைத்திருக்கும் பெரிய கடைக்காரர்களுக்கு மட்டும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஒரு பெண் ஒரு காலைப்பொழுதில் எத்தனை தடவை செருப்பைக் கழற்றி மாட்டுகிறாள் என்று எண்ணியிருக்கிறீர்களா? கோயிலில் ஒரு தடவை, வீட்டு முகப்பில் ஒரு தடவை, பந்திக்கு ஒரு தடவை, திரும்ப வாசலுக்கு வந்து யாரையாவது வழியனுப்ப ஒரு தடவை. பட்டுப்புடவையோடு குனிந்து பின்கணுக்காலில் பக்கிள் போட முடியுமா? காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி, கொஞ்சம் அழகாக, குதிகால் தாழ்வாக ஒன்று தேடி அலைகிறோம். கிடைப்பதோ பக்கிள் வைத்ததுதான்.

அப்புறம் அந்த மெத்தென்ற பி.யூ. (பாலியூரித்தேன்) சோல். ஒரு கடையில் நான் வாங்கிய ஜோடியை மூன்றாவது முறை போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கழற்ற வேண்டிய இடத்தில் அவசரத்தில் கழற்றாமல் இரண்டடி வைத்துவிட்டேன் என்பது என் தப்பு. திரும்பிப் பார்த்தால் ஆத்தங்குடிக் கல் தளத்தில் கறுப்புத் தூள், நான் நடந்த வழி முழுக்க. சோல் அடை உதிர்வது மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வகை சோல் காற்றிலுள்ள ஈரத்திலேயே வருடக்கணக்கில் இற்றுப்போகும். பெட்டிக்குள் சும்மா வைத்திருந்தாலும் இற்றுப்போகும். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தேன். தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருந்தது, நான் வாங்குவதற்கு நாலு வருடத்துக்கு முந்தையது. தள்ளுபடியில் தருவதாக இருந்தால் அந்த வருடத்தை வாயைத் திறந்து சொல்லிவிட்டுத் தாருங்கள்.

கவரிங்குக்கு ஒரே வரி: ஆக்ஸிடைஸ்டு சோக்கரில் நிக்கல் இருந்தால், சித்திரை வியர்வையில் அது கரைந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கழுத்தைச் சுற்றி அரிப்பு வரும். நிக்கல் சேராதது எது என்று வியாபாரியிடம் கேட்டு வாங்கி வாருங்கள்.

ஆவணி முகூர்த்தத் தையல் குவிந்து கிடப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். சூரத்துக்கு வண்டி ஏறும் முன்னால் ஒரு நாள் பள்ளத்தூர்ப் பக்கம் வந்து அந்தச் சாக்கைப் பாருங்கள். சில லைனிங்கில் உங்கள் கடைச் சீட்டு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. தீப்பெட்டி நான் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்தூர்த் தையல்காரி ஒருத்தி