நீங்கள் அடித்த மூன்று புள்ளிகள்

பாகாயம்,
வேலூர்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். கோயம்புத்தூரில் நீங்களும் அண்ணியாரும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்குக் காது மந்தமான பிறகு தொலைபேசியில் பேசுவதில் என் தொண்டைதான் புண்ணாகிறது. சொன்னதையே மூன்று முறை சொல்லி, மூன்றாம் முறையும் நீங்கள் "அப்படியா, நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறீர்கள். ஆகவே இந்த முறை கடிதமாக எழுதுகிறேன். சாவகாசமாகப் படியுங்கள். இதில் உங்களிடம் கேட்டுச் சொல்ல வேண்டிய ஒரு தொழில் விஷயமும் இருக்கிறது.

சென்ற வாரம் நம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் ரீஹேப் மேளா நடந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, இங்கே மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற்றுச் சக்கர நாற்காலியில் வீடு திரும்பியவர்கள் ஊர் ஊராக வந்து கூடினார்கள். ஓய்வு பெற்றவன் சும்மாதானே இருக்கிறான் என்று, வழக்கம் போல என்னைப் பெயர் பதியும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பழைய ரெக்கார்ட்ஸ்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? முகத்தை மறந்துவிடுகிறேன், பெயரையும் மறந்துவிடுகிறேன். ஆஸ்பத்திரி நம்பரைச் சொன்னால் மட்டும் அந்த சார்ட் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் இருந்தது என்று கை தானாக நீள்கிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதால் என் கை நீண்டு பயனில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் நாள் முற்பகலில் என் மேசைக்கு ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குடியாத்தம் பக்கத்துக்காரர், தையல் தொழில். அவர் மேளாவுக்கு வந்தவர் அல்லர். சிறு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவர். காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரைப் பழுது பார்க்க வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர். நீங்கள் காலிப்பர் செய்துகொண்டிருந்த ஒர்க்ஷாப் எந்தப் பக்கம் என்று கேட்டார். வழியைக் காட்டினேன். அரை மணி நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, "ஐயா, இங்கே மாஸ்டர் ஒருவர் இருப்பாரே, காதில் பென்சில் செருகியிருப்பார், அவர் இருக்கிறாரா?" என்று கேட்டார். நீங்கள்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

காலிப்பரைக் கழற்றி என் மேசை மேலேயே வைத்துவிட்டார். 1991 இல், தன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் நீங்கள் செய்து கொடுத்தது என்றார். தோல் பட்டைகளை ஊரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இரண்டு முறை மாற்றியிருக்கிறார். பூட்ஸ் எத்தனை மாறியது என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் இருபுறத்துக் கம்பிகளும் முழங்கால் கீலும் நீங்கள் போட்டவைதான். தொடைப் பட்டைக்கு அடியில் போகும் இரும்பின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். ரிவெட்டுக்குக் கீழே, நீங்கள் ஆணி முனையால் அடித்து வைக்கும் அந்த மூன்று புள்ளிகள் அப்படியே இருந்தன. எதற்கு அந்தப் புள்ளிகள் என்று முன்பு ஒரு நாள் நான் கேட்டதற்கு, "பழுதாகித் திரும்பி வந்தால் யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிய வேண்டாமா?" என்றீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது; திட்டத்தான் ஆள் இல்லை.

பழுது இதுதான். நிற்கும்போது கீழே இறங்கி முழங்கால் கீலைப் பூட்டும் வளையம் தேய்ந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. மாடிப்படி இறங்கும்போது அது தானாக மேலேறிக்கொள்ள, முழங்கால் மடங்கி இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஒர்க்ஷாப்பில் இப்போது இருக்கும் இளைஞர் நல்ல பிள்ளை. பொறுமையாக அளவெடுத்து, பிளாஸ்டர் அச்சு எடுத்துப் புதிதாகவே பிளாஸ்டிக்கில் செய்து தருகிறேன், எடை பாதிகூட இருக்காது, எந்தச் செருப்புக்குள்ளும் நுழையும் என்று எடுத்துச் சொன்னாராம். நம்மவருக்கு மனம் வரவில்லை. பிளாஸ்டிக் என்றால் வேலூர் வெயிலில் தொடை வெந்துவிடும் என்கிறார். உங்கள் வேலை என்பதால் நான் உங்கள் பக்கம் பேசுவேன் என்று நினைக்காதீர்கள். அந்த இளைஞர் சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது. இந்த வயதில் அவ்வளவு இரும்பைச் சுமந்துகொண்டு ஏன் நடக்க வேண்டும்? ஆனாலும் தன் உடம்போடு பாதி ஆயுள் வாழ்ந்த ஒரு பொருளை விட்டுவிடு என்று அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கடைசியில், புதியதும் செய்துகொள்வது, பழையதையும் சரிசெய்துகொள்வது என்று முடிவாயிற்று. அந்த வளையத்தைப் பற்றித்தான் உங்களைக் கேட்க வேண்டும், கடைசியில் எழுதுகிறேன்.

அவர் போன பிறகு அந்த இளைஞரோடு ஒர்க்ஷாப்புக்குள் போய்ப் பார்த்தேன். உங்கள் பழைய வைஸ் அதே ஜன்னலோரத்தில் இருக்கிறது. ஆனால் சுவரில் வரிசையாகக் குழந்தைக் காலிப்பர்கள் தொங்குமே, அந்த ஆணிகளில் இப்போது ஏப்ரன்கள் தொங்குகின்றன. நமக்கு அது எத்தனை பழகிய காட்சி! தாயின் இடுப்பில் வரும் பிள்ளைக்கு அளவெடுத்துப் போட்டு அனுப்பினால், ஓராண்டு கழித்துப் பிள்ளை வளர்ந்துவிட்டது, கம்பி கட்டையாகிவிட்டது என்று திரும்ப வருவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் முடிவதற்குள் ஏழெட்டு ஜோடி. பெருநோய் மிகுந்திருந்த காலத்தில் கரிகிரிப் பெருநோய் ஆஸ்பத்திரியில் எம்.சி.ஆர். என்ற மெத்து ரப்பர் செருப்புச் செய்து தொழில் பழகிய நீங்கள், உணர்ச்சியில்லாத காலுக்குச் செய்யும் செருப்பில் ஆணி அடிக்கவே கூடாது, ஒட்டித் தைக்க வேண்டும் என்று கற்றவர், இங்கே வந்து, "இந்தப் பிள்ளைகளுக்கு உணர்ச்சி முழுதாக இருக்கிறது, பலம்தான் இல்லை, ஆகவே வலித்தால் அழும், அதுவே எனக்கு வசதி" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தச் சுவர் காலியானதற்கான வேலையில் பாதி, நம் ஊரிலேயே ஏழு கிலோமீட்டர் தள்ளி, தோட்டப்பாளையம் ஆஸ்பத்திரியின் வைராலஜி துறையில் நடந்தது என்பதை நாம் அப்போது சரியாக உணரவில்லை. அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் அவர்கள் போலியோச் சொட்டு மருந்து எத்தனை முறை கொடுத்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போதும், ஒரே நாளில் ஊர் முழுவதுக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நீங்களோ இங்கே கம்பியை அராவிக்கொண்டிருந்தீர்கள். இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறு பெண். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத பகுதி என்ற சான்றிதழும் வந்துவிட்டது. குழந்தைக் காலிப்பர் ஆர்டர் குறைந்துகொண்டே வந்த நாட்களில், "இப்படியே போனால் எனக்கு இங்கே என்ன வேலை?" என்று நீங்கள் கேண்டீனில் அலுத்துக்கொண்டதும், சொன்ன கையோடு நீங்களே வெட்கப்பட்டுச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. அந்த இளைஞருக்கு இப்போது வரும் வேலை பெரும்பாலும் விபத்துக் கேஸ்களும் சர்க்கரை நோயால் கால் எடுத்தவர்களும்தான்.

மேளாவில் எப்போதும் போல மேரி வர்கீஸ் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். 1954 இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெருநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர், 1966 இல் இந்த மறுவாழ்வு மையத்தைத் திறந்தவர், பத்மஸ்ரீ பெற்றவர் என்ற விவரங்கள் மேடையில் ஒழுங்காகவே சொல்லப்பட்டன. அவரை நேரில் கண்ட நீங்கள் பேசியிருந்தால் கூட்டம் இன்னும் கேட்டிருக்கும். பேச்சைவிடப் பந்தயத்துக்குத்தான் ஆரவாரம். சக்கர நாற்காலிப் பந்தயத்தில் ஜார்க்கண்டுக்காரர் ஒருவரும் திருவண்ணாமலை மாவட்டத்து விவசாயி ஒருவரும் கடைசிக் கோட்டில் ஒருவர் சக்கரம் மற்றவர் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிட, மூன்றாவதாக வந்தவர் ஜெயித்துப் போனார். இருவருக்கும் பொது மொழி கிடையாது; திட்டிக்கொள்ளக்கூட வழியில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி ராணிப்பேட்டைச் செய்தி. என் வீட்டுக்காரிக்கு இதயப் பரிசோதனை இப்போதெல்லாம் அங்கேதான். 2022 இல் திறந்த, நம் ஆஸ்பத்திரியின் அந்தப் புதிய வளாகம் இரத்தினகிரி மலைக்குப் பக்கத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. நீங்கள் வேலூரை விட்டுப் போகும்போது அது வெறும் மண்மேடு. விபத்துச் சிகிச்சைக்குப் பெரிய மையம் அங்கே இருக்கிறது. நெடுஞ்சாலையில் அடிபட்டவர்களை ஊருக்குள் நெரிசலில் கொண்டுவர வேண்டியதில்லை என்பது நல்ல ஏற்பாடு. கட்டடம் விசாலம், நடைதான் அதிகம். தோட்டப்பாளையத்தில் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு நடந்து பழகிய எனக்கு, அந்த அகலமான தாழ்வாரத்தில் நிற்கும்போது ஏதோ விடுமுறை நாளில் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. நம் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870 இல் பிறந்தது ராணிப்பேட்டையில். 1900 இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது வேலூரில். பிறந்த ஊருக்கு ஆஸ்பத்திரி திரும்பிப் போயிருக்கிறது என்று அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாகாயத்திலிருந்து இரண்டாம் நம்பர் பேருந்தில் ஏறி இறங்கி, மறுபடி வேறு பேருந்து பிடித்துப் போகிற எனக்கு அந்தப் பொருத்தத்தில் அவ்வளவு ஆனந்தம் இல்லை.

இந்த மாற்றம் தோட்டப்பாளையம் ஆஸ்பத்திரியை ஒட்டிய பாபு ராவ் தெருப் பக்கத்தையும் தொட்டிருக்கிறது. வங்காளி எழுத்துப் பலகைகளும் மீன் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. காட்பாடியில் ஹவுரா ரயில் நின்றால் பெட்டியும் எக்ஸ்ரே உறையுமாகக் குடும்பம் குடும்பமாக இறங்குவதும் நிற்கவில்லை. ஆனால் எலும்புக்கும் இதயத்துக்கும் வருபவர்களில் பலர் நேரே இரத்தினகிரிப் பக்கம் போய்விடுகிறார்கள் என்று, நாம் டீ குடிக்கும் கடைக்காரர் குறைப்பட்டார். அவர் வங்காளம் பேசுவதை நீங்கள் இப்போது கேட்க வேண்டும். ஊரில் அவருடைய சொந்த அண்ணனோடு பேசும்போதும் இடையிடையே அது வந்துவிடுகிறதாம். அவருடைய மகன் இரத்தினகிரியில் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நம் பழைய கேண்டீன் கூட்டத்தில் இருவர் இந்த ஆண்டு போய்விட்டார்கள். அண்ணியார் மூலம் உங்களுக்குச் சேதி வந்திருக்கும்; இங்கே திரும்ப எழுத மனம் வரவில்லை.

இப்போது அந்த வளையம். இளைஞர் எழுதிக் கொடுத்த கேள்விகளை அப்படியே தருகிறேன். சாதாரண மைல்ட் ஸ்டீலில் கடைந்தால் சீக்கிரம் தேய்கிறது. நீங்கள் எதில் செய்தீர்கள்? உட்புறத்தை அரத்தால் லேசாகச் சரிவாக அராவியிருக்கிறீர்கள், அது வளையம் தானாக இறங்குவதற்கா அல்லது மேலே ஏறாமல் இருப்பதற்கா? கம்பியின் பக்கவாட்டில் ஒரு சிறு குழி இருக்கிறது. அதில் முன்பு குண்டும் ஸ்பிரிங்கும் இருந்து விழுந்துவிட்டதா? குடியாத்தத்துக்காரர் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் பதில் வந்தால் நல்லது. படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது. எழுத முடியவில்லை என்றால் கோயம்புத்தூரில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குங்கள். நான் வந்து நிற்கிறேன். அண்ணியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வருவதாக இருந்தால் அந்த அரை வட்ட அரத்தையும் எடுத்து வாருங்கள். இங்கே இருப்பது பல் போய்விட்டது.

அன்புடன்,
உங்கள் ரெக்கார்ட்ஸ் நண்பன்