மத்தியான நித்திரை பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், நாள்தோறும் பிள்ளைகளைக் கூட்டிவந்து கூட்டிப்போகும் அம்மம்மா, அப்பப்பா, மாமி, சித்தப்பா அனைவருக்கும்,

வணக்கம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். காலை பத்து மணிக்கே கொட்டாவி விடுகிறார்கள். பதினொரு மணிக்குக் களிமண் உருண்டைக்காக அடிதடி நடக்கிறது. பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக் கோப்பைக்கு மேலேயே தலை சரிகிறது. விடுமுறையில் உறவினர் வீடு, கோயில், கடற்கரை என்று திரிந்ததில் தவறே இல்லை. பிள்ளைகள் அப்படித்தான் வளர வேண்டும். ஆனால் இந்தக் குழப்பம் விடுமுறையோடு தொடங்கியதல்ல. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே கடிதமாக எழுதுகிறேன்.

இந்தத் தவணையிலிருந்து எமது பகல் பராமரிப்புப் பகுதியில் மத்தியான ஓய்வு 12.30 மணி முதல் 2.00 மணி வரை நடைபெறும். ஒவ்வொரு வீட்டின் விருப்பத்துக்கும் ஏற்ப ஒரு பிள்ளையை எழுப்பி வைப்பதும், இன்னொரு பிள்ளையைக் கூடுதலாகப் படுக்க விடுவதும் இனி இல்லை. சுகவீனமான பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

"மத்தியானம் இவனை நித்திரை கொள்ள விடாதீர்கள், ரீச்சர். இரவு பத்து மணி வரை விழித்திருக்கிறான்." எனக்கு அதிகம் வரும் வேண்டுகோள் இதுதான். பகலெல்லாம் அலுவலகத்தில் வேலை செய்துவிட்டு வந்து, சமைத்து, நள்ளிரவு வரை பிள்ளையோடு மல்லுக்கட்டும் தாயின் களைப்பு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இந்த வேண்டுகோளை என்னால் ஏற்க முடியாது.

விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேர நித்திரைக்கான தேவை கூடுகிறது. நித்திரை கொள்ளும்போது அது குறைகிறது. வளர்ந்தவர்கள் பதினாறு மணிநேரம் வரை தாக்குப்பிடிப்போம். ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு, மூன்று மணிநேரம்தான் எல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஐந்து, ஆறு மணிநேரம். அந்த எல்லையைத் தாண்டி விழிக்க வைத்த பிள்ளை சோர்ந்து சாய்ந்துவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேரெதிர். முகம் சிவந்து, குரல் உயர்ந்து, ஓடி விழுந்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்க் கலந்து நிற்கும். "இவளுக்கு நித்திரையே வருவதில்லை, அவ்வளவு உசார்" என்று பெருமையோடு சொல்லும் பெற்றோர் உண்டு. அது உசார் அல்ல. களைப்பு எல்லை மீறிவிட்டதன் அடையாளம். அந்த நிலையில் படுக்கையில் கிடத்தினால் நித்திரை இன்னும் தள்ளிப்போகும், நடுச்சாமத்தில் எழுவதும் கூடும்.

பெரும்பாலான வீடுகளில் இரவைக் கெடுப்பது மத்தியான நித்திரை அல்ல, மாலை நித்திரைதான். இங்கிருந்து ஓட்டோவில் வீடு போகும் வழியில் கண்ணயர்வது, அல்லது அம்மா வேலையால் வரும்வரை நாலரை மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுவது: அப்படிப்பட்ட பிள்ளைக்கு எட்டு மணிக்கு எப்படி நித்திரை வரும்? ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையின் பகல் நித்திரை மூன்று மணிக்குள் முடிந்துவிட வேண்டும். எழுந்த நேரத்துக்கும் இரவுப் படுக்கைக்கும் இடையில் ஐந்து மணிநேரமாவது இருந்தால் நல்லது. ஓட்டோவில் பாட்டுப் பாடியாவது விழிக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

எவ்வளவு நேரம் போதும் என்று கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அளவுகளைச் சொல்கிறேன். பகலும் இரவும் சேர்ந்து, 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணிநேரம்; 1, 2 வயதில் 11 முதல் 14 மணிநேரம்; 3, 4 வயதில் 10 முதல் 13 மணிநேரம். உங்கள் பிள்ளை இரவு பத்துக்குப் படுத்து, காலை ஆறரைக்கு இங்கு வருவதற்காக எழுப்பப்பட்டால், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மிச்சத்தை எங்கிருந்து எடுப்பது?

கைக்குழந்தையுள்ள தாய்மார் இப்போதே நேர அட்டவணை போடத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தைக்கு இரவும் பகலும் ஒன்றுதான். பகலில் யன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், வீட்டுச் சத்தம் இருக்கட்டும். இரவில் விளக்கைக் குறைத்து, பேச்சைக் குறைத்துப் பாலூட்டுங்கள். உடற்கடிகாரம் மெல்ல மெல்ல அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதமளவில் பகலில் இரண்டு மூன்று நித்திரை என்று ஓர் ஒழுங்கு தென்படும். ஒன்றேகால், ஒன்றரை வயதளவில் காலை நித்திரை உதிர்ந்து மத்தியான நித்திரை மட்டும் நிற்கும். அந்த மாற்றம் நடக்கும் சில வாரங்கள் பொல்லாதவை. ஒருநாள் இரண்டு நித்திரை வேண்டும், மறுநாள் ஒன்றுகூட வேண்டாம் என்று பிள்ளை அடம்பிடிக்கும். அந்த நாட்களில் மத்தியானச் சோற்றைப் பதினொன்றரைக்குக் கொடுத்து நேரத்தோடு படுக்கவிடுவதே நாங்கள் கண்ட வழி.

மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பகல் நித்திரையின் தேவை தானாகக் குறைந்துவிடும். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் குறையாது. எனவே நான்கு வயதுக்காரர்களை நாங்கள் கட்டாயப்படுத்தித் தூங்க வைப்பதில்லை. இருபது நிமிடம் பாயில் அமைதியாகக் கிடக்க வேண்டும்; நித்திரை வராவிட்டால் படப்புத்தகத்தோடு அடுத்த அறைக்குப் போகலாம். அடுத்த தை மாதம் தரம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளை "இப்போதே பழக்குகிறோம்" என்று இன்றைக்கே விழிக்க வைக்க வேண்டியதில்லை. மூன்றாம் தவணையில் அதைப் படிப்படியாகக் குறைப்போம். நித்திரை குறைந்த பிள்ளைக்கு எழுத்தும் பாட்டும் மனத்தில் ஏறாது. புதிதாகக் கேட்ட சொற்கள் உறக்கத்தின்போதுதான் நன்றாகப் பதிகின்றன. ஐந்து வயதுக்குள் ரியூசன் தேடும் பெற்றோருக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

இனி ஏணை. அம்மாவின் பழைய சேலையில் கட்டிய ஏணையில் வளராதவர்கள் எங்களில் எத்தனை பேர்? அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சில விடயங்களைக் கறாராகச் சொல்ல வேண்டும். ஏணைத் துணி வளைந்து கிடப்பதால் சின்னக் குழந்தையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு நெருக்கப்படலாம். துணி முகத்தையும் மூடலாம். பக்கத்தில் ஆளில்லாமல் ஏணையில் விட வேண்டாம். கண்ணயர்ந்ததும் தட்டையான, உறுதியான விரிப்புக்கு மாற்றி மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒரு வயதுக்குள் தலையணையும் வேண்டாம், பஞ்சு மெத்தையும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். புரளத் தொடங்கிய பிள்ளைக்கு ஏணையையே நிறுத்திவிடுங்கள். எங்களிடம் ஏணை கிடையாது. வீட்டில் ஆட்டினால்தான் தூங்கும் பிள்ளை இங்கே முதல் வாரம் அழும், அதை மறைக்கவில்லை. வீட்டிலும் இன்றிலிருந்து ஆட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசி ஐந்து நிமிடத்தைப் பாயில் தட்டிக்கொடுத்துக் கழியுங்கள். அம்மாவின் சேலைத் துண்டு ஒன்றை ஒரு வயது தாண்டிய பிள்ளையோடு அனுப்பினால் பெரிய உதவி. தோய்க்காமல் அனுப்புங்கள், அந்த வாசனைதான் தேவை.

சூப்பிப் போத்தலை வாயில் வைத்தபடி தூங்கவிடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். பால் வாயிலேயே தேங்கினால் முன்பற்கள் கறுத்துச் சூத்தையாகும். பால் குடித்து முடியட்டும், வாயைத் துடைக்கட்டும், பிறகு படுக்கட்டும். அதைவிடப் பாரதூரமான ஒன்று: தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்தை நித்திரைக்காகக் கொடுப்பது. ஒரு வீட்டிலும் இது நடக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் மூச்சையே அது பாதிக்கக் கூடும்.

நுளம்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. இரவில் வலை கட்டிவிட்டுப் பகலில் திறந்த விறாந்தையில் படுக்க வைப்பதால் பயனில்லை. இங்கே எல்லாப் பாய்களுக்கும் மேலே வலை உண்டு. வீட்டிலும் பகலில் வலையைப் பயன்படுத்துங்கள். மாரி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்; பூச்சாடித் தட்டிலும் கிணற்றடி வாளியிலும் தண்ணீர் இப்போதும் தேங்குகிறது. வெக்கைக்கு மெல்லிய பருத்திச் சட்டை போதும். மின்வெட்டு வந்தால் எங்கள் ஆசிரியைகள் பனையோலை விசிறியோடு உட்காருவார்கள்.

அம்மம்மா, அப்பம்மாமாருக்கு ஒரு வார்த்தை. முற்பகலோடு வீடு போகும் பிள்ளைகளின் மத்தியானத்தைக் காப்பவர்கள் நீங்கள்தான். "பசித்தால் சாப்பிடுவான், நித்திரை வந்தால் படுப்பான்" என்று நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் உச்சிவெயிலில் வீடே அடங்கிப் படுத்தது. இப்போது தொலைக்காட்சி அடங்குவதில்லை, கைத்தொலைபேசி அடங்குவதில்லை. படுக்கைக்கு அரை மணிநேரம் முன்னதாக இரண்டையும் நிறுத்துங்கள். சோறு, கை கால் கழுவுதல், யன்னல் சேலையை இழுத்துவிடுதல், ஒரே கதை, பாய்: நாள்தோறும் இதே வரிசையில் நடந்தால் போதும். கதை நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அலுப்பான கதைதான் நல்ல கதை.

வெளிநாட்டு அழைப்புகளும் ஒரு தலையிடி. இலண்டனில் இருக்கும் மாமா சனிக்கிழமை காலை எட்டரைக்கு எழுந்து, மருமகனின் முகம் பார்க்க ஆசைப்பட்டு அழைக்கும்போது இங்கே மத்தியானம் ஒரு மணி. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா காலை பத்தரைக்குத் தேநீரோடு அழைக்கும்போது இங்கே இரவு எட்டு. இலண்டன் மத்தியான நித்திரையைப் பறிக்கிறது, ரொறன்ரோ இரவு நித்திரையைப் பறிக்கிறது; திங்கட்கிழமை அந்தப் பிள்ளை எங்கள் கையில் வந்து சேர்கிறது. அன்பாகச் சொல்லி நேரத்தை மாற்றுங்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளை நல்ல முகத்தோடு இருப்பான், மாமாவுக்கும் அப்போது காலை பத்தரைதான். ரொறன்ரோவுக்கு எங்கள் காலை ஏழு மணி பொருந்தும், அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. ஒக்டோபர் கடைசியில் இலண்டனும் நவம்பர் தொடக்கத்தில் ரொறன்ரோவும் மணிக்கூட்டைத் திருப்பும்போது இந்தக் கணக்கு ஒரு மணிநேரம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊர்க் கோயிலில் கொடி ஏறினால் ஒலிபெருக்கிக்கு நாங்கள் நேரம் குறிக்க முடியாது. பாண் வண்டிக்காரரிடம் மட்டும் எங்கள் ஒழுங்கையில் அந்த நேரத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார்.

ஒழுங்காகப் படுத்தும் பகலெல்லாம் சோர்ந்திருக்கும் பிள்ளை, நாள்தோறும் குறட்டை விட்டு வாயால் மூச்சு விடும் பிள்ளை, நித்திரையில் மூச்சு இடையிடையே நிற்பதுபோல் தெரியும் பிள்ளை ஆகியோரை நேரம் மாற்றிச் சரிசெய்ய முடியாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள். முகம் வெளிறியிருந்தால் இரத்தச்சோகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை முதல் பிள்ளையின் பையில் ஒரு சிறு துண்டு இருக்கும். எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு எழுந்தது என்று நாங்கள் எழுதி அனுப்புவோம். அதன் மறுபக்கத்தில் இரவு படுத்த நேரத்தையும் காலை எழுந்த நேரத்தையும் நீங்கள் எழுதி அனுப்ப வேண்டும். உண்மையான நேரத்தை எழுதுங்கள். பத்தரை என்றால் பத்தரை என்றே இருக்கட்டும், யாரையும் ஏச மாட்டோம். பெட்சீற் ஒன்று, துவாய் ஒன்று, பெயர் தைத்து அனுப்புங்கள்.

கேள்வி இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30க்கு வாருங்கள், பிள்ளைகள் எழுந்திருப்பார்கள். பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் இடையில் வர நேர்ந்தால் முன் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடிக்க வேண்டாம். அந்தக் கதவுக்கு நேர் பின்னால்தான் சின்னவர்களின் பாய்கள். பக்கத்து ஒழுங்கையால் வந்து சமையலறைக் கதவைத் தட்டுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்
யாழ்ப்பாணம்